மண் இளகும்வரை

அன்று காற்று அடித்ததா இல்லையா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. வெர்லா இதை என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். முதல் தடவை, கல்லறைப் புல்லெல்லாம் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது என்றாள். பல வருடங்கள் கழித்துச் சொன்னபோது, ஒரு புல் நுனிகூட அசையவில்லை என்றாள். அவள் தம்பி பயஸைக் கேட்டால் எழுந்து போய்விடுவான். அதனால் இதில் சில இடங்கள் அவள் சொன்னவை, சில இடங்கள் பக்கத்துப் பண்ணைக்காரனான நான் பார்த்தவை. எது எது என்று பிரித்துக் காட்ட இப்போது என்னால் முடியாது. அந்த வாசனையைப் பற்றி மட்டும் அவள் ஒருமுறைகூட மாற்றிச் சொன்னதில்லை.

டிசம்பர் தொடங்கியிருந்தது. பனி இன்னும் விழவில்லை, ஆனால் அமெரிக்காவின் வடக்கே இந்த டகோட்டாவின் மண் அதற்கு முன்பே இறுகிவிட்டது. மேலே நடந்தால் இரும்புத் தகட்டின்மேல் நடப்பதுபோல் குதிகாலில் தெறித்தது. அப்படிப்பட்ட குளிரில் எதற்கும் வாசனை இருக்காது. மூச்சை இழுத்தால் மூக்கின் ஈரம்தான் முள்ளாகக் குத்தும். அப்படியிருந்தும், பயஸின் பிக்கப் வண்டியிலிருந்து இறங்கிக் கல்லறையின் கம்பிக் கதவைத் தள்ளியபோது வெர்லாவுக்கு நனைந்த கோதுமை வாசனை வந்தது. குவித்து வைத்த இடத்தில் தண்ணீர் புகுந்து, உள்ளே சூடேறி, முளைவிட்டுப் புளித்துப்போன கோதுமை.

"இங்க எங்கயாவது கோதுமை கொட்டி வெச்சிருக்கியாடா?"

"கோதுமையா?" பயஸ் வாயிலிருந்த சூரியகாந்தி விதையின் தோலைத் துப்பினான். "சுத்துவட்டாரத்துல நாலு வருஷமா சூரியகாந்திதான்கா. ஆஸ்பத்திரி காபி உன் மூக்கைக் கெடுத்துடுச்சு."

ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டதும் வெகுநாளாக மூடிக்கிடந்த கத்தோலிக்கக் கோயிலும் அதன் பின்னாலிருந்த கல்லறையும் மறைந்து, நகரத்தில் ஒரு வெள்ளைக் கட்டில் மட்டும் அவள் கண்முன் நின்றது. அதில் அவளுடைய மகள் ரோசினா தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. முதலில் பள்ளிக்கூட பெஞ்சில் தூங்கினாள். பிறகு இரவுச் சாப்பாட்டின்போது, வாயில் கரண்டியோடு. இப்போது மூன்றாவது வாரமாக யாராலும் எழுப்ப முடியவில்லை. பிறந்ததிலிருந்தே அவள் தூங்கும் விதம் ஒன்றுதான்: இடது பக்கமாகச் சுருண்டு, முழங்கால் வயிற்றில் முட்ட, மூடிய கை தாடைக்கு அடியில். நர்ஸுகள் நேராகக் கிடத்திவிட்டுப் போனால், கொஞ்ச நேரத்தில் மறுபடி அப்படியே சுருண்டிருப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் வெர்லாவுக்கு, பிள்ளை இன்னும் உள்ளே இருக்கிறாள் என்று ஒரு தைரியம் வரும்.

டாக்டர் அவளைத் தனியாக அழைத்துக் கேட்டார். உங்கள் வம்சத்தில் இதற்கு முன் குழந்தைகள் யாராவது இப்படித் தூங்கியே இறந்திருக்கிறார்களா? தெரிந்தால் எங்கே தேடுவது என்றாவது தெரியும். மூச்சு தினமும் கொஞ்சம் குறைகிறது.

யாரைப் போய்க் கேட்பது? அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. சாமியார் வீடு எப்போதோ எரிந்து போனதில் கோயிலின் பழைய காகிதங்களும் போய்விட்டன. ரஷ்யப் புல்வெளியில் குடியிருந்த ஜெர்மன்காரர்களோடு வந்து, மண்கட்டிகளை வெட்டி அடுக்கி இங்கே முதல் வீடு கட்டிய அவளுடைய கொள்ளுத்தாத்தா பல்தசார் வாங்லரின் குடும்பத்தைப் பற்றி இனி வாய் திறக்கக்கூடியவை இந்த இரும்புச் சிலுவைகள் மட்டும்தான்.

அவள் முழங்காலிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எங்கள் ஆட்களில் ஒரு கொல்லன் அடித்துக் கொடுத்த சிலுவைகள், வளையமும் கதிரும் வைத்தவை. பல்தசார். பக்கத்தில் அவர் மனைவி ஒட்டிலியா. அப்புறம் சின்னவை. துரு மூடியிருந்ததால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து விரலுக்குத் தெரிந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவினாள். இரும்பு தோலைப் பிடித்துக்கொண்டது.

ரோசினா. ஆறு வயதில் போயிருந்தாள்.

அடுத்ததைத் தடவினாள். ரோசினா. முதல் பிள்ளை இறந்த அதே குளிர்காலத்தில் பிறந்தவள். அவளும் ஆறு வயதில்.

மூன்றாவது, கொஞ்சம் புதியது. அப்பாவின் தலைமுறை. அப்பாவுக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பதையே அவள் அப்போதுதான் தெரிந்துகொண்டாள். ரோசினா. ஆறு.

தன் மகளுக்கு அந்தப் பெயரை வைத்தது அழகுக்காகத்தான். எங்கேயோ காதில் விழுந்த பெயர், நம் பக்கத்துப் பெயர் என்று வைத்தாள். ஞானஸ்நானத்தன்று சாமியார் அந்தப் பெயரைச் சொன்னதும் அப்பா எழுந்து வெளியே போனார். விருந்துக்கும் வரவில்லை. எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை முற்றத்தில் தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை ஓர்லின் லூத்தரன் சபைக்காரன் என்பதால் வந்த கோபம் என்றுதான் வெர்லா நினைத்திருந்தாள்.

"சிலுவை இல்லாம புதைச்ச கொழந்தைங்க வேற இருக்கும்ல?" என்றாள். குரல் தன்னுடையதுபோல் இல்லை. "பாத்து சொல்லுடா. உன் கம்பிய எடு."

"நம்பாதவங்களுக்கெல்லாம் கம்பி வேலை செய்யாது" என்றான் பயஸ். ஆனாலும் எடுத்தான். புதிய குழி வெட்டும்போதெல்லாம், அடியில் பழைய ஆள் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க ஊர் அவனைத்தான் கூப்பிடும். வேலிக் கம்பி இரண்டு, ஒரு முனையில் மடக்கியது. இரண்டு கையிலும் லேசாகப் பிடித்துக்கொண்டு நடந்தால், கீழே உடல் இருக்கும் இடத்தில் இரண்டும் தாமாகத் திரும்பி ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழும்.

பல்தசார் மேல் விழுந்தது. ஒட்டிலியா மேல் விழுந்தது. "கெழவி இன்னும் தெம்பாத்தான் இருக்கா, பாரு எப்படி இழுக்குதுன்னு" என்று சிரித்தான். மூன்றாவது ரோசினா, இரண்டாவது ரோசினா, இரண்டின்மேலும் விழுந்தது.

முதல் ரோசினாவின்மேல் கம்பிகள் அசையவில்லை.

திரும்பி வந்து மறுபடி நடந்தான். நேராகவே நின்றன.

"கை மரத்துப்போச்சு" என்றான். கம்பிகளைக் கக்கத்தில் இடுக்கிக் கையை ஊதிக்கொண்டு, இன்னொரு தடவை. ஒன்றுமில்லை. சிலுவையைத் தாண்டி இந்தப் பக்கம் ஓர் அடி வைத்தான். வெறும் புல். அங்கே இரண்டு கம்பியும் சட்டென்று குறுக்கே விழுந்தன.

"ஓ, இங்க இருக்கியா" என்று அந்த இடத்தைக் குதிகாலால் அடையாளம் வைத்துவிட்டு, விலகி மறுபடி அதன்மேல் வந்தான். இப்போது அங்கே ஒன்றுமில்லை. இன்னும் ஓர் அடி, வெர்லா முழங்காலிட்டிருந்த பக்கமாக. அங்கே விழுந்தன.

அவன் விதை மெல்வதை நிறுத்தியிருந்தான்.

"பயஸ். அப்பா உங்கிட்ட ஏதாவது சொல்லியிருக்காரா?"

"அவருக்கு உள்ள ரெண்டு கிளாஸ் போனா ஆயிரம் சொல்வாரு."

"ரோசினா பத்தி."

மேற்கே சூரியன் தட்டையாக, சூடே இல்லாமல், சூரியகாந்தித் தண்டுகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

"முதல் பொண்ணு இப்படித்தான்கா தூங்குனாளாம். தூங்கித் தூங்கி ஒருநாள் மூச்சு நின்னுடுச்சு. நின்னுடுச்சுன்னு நெனச்சாங்க. சரியான குளிர்காலம், குழி வெட்ட முடியாது. அப்பல்லாம் என்ன பண்ணுவாங்க? மண்ணு இளகறவரைக்கும் தானியக் கொட்டகைல வெச்சிருப்பாங்க. விதைக் கோதுமைக்குள்ள படுக்க வெச்சு, கைய நெஞ்சு மேல கட்டி, கதவை வெளிய சாத்திட்டாங்க."

"அது எல்லாரும் பண்றதுதானே."

"எல்லாரும் பண்றதுதான். பேரைத் திருப்பி வைக்கறதும் எல்லாரும் பண்றதுதான், போன பிள்ளை பேரை அடுத்த பிள்ளைக்கு. ஆனா மண்ணுக்குள்ள வெச்சுட்டுத்தான் வைப்பாங்க. இவங்களுக்கு அந்த மாசமே அடுத்தது பொறந்துடுச்சு. சாமியார் குதிரைல எப்பவாவது வர்றவரு, அன்னிக்கு ஞானஸ்நானத்தை விட்டா அப்புறம் வசந்தத்துலதான். சரின்னு ரோசினான்னே வெச்சுட்டாங்க. மூத்தது இன்னும் கொட்டகைல இருக்கறப்பவே." அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அதுக்கப்புறம் ரோசினான்னு கூப்பிட்டா தொட்டில்ல பாப்பா திரும்புமாம். கொட்டகைக் கதவும் சத்தம் போடுமாம்."

"என்னடா சொல்ற."

"கேட்டுச்சாம்கா. எல்லாருக்கும் கேட்டுச்சாம். எலின்னு நெனச்சாங்களாம்."

வெர்லாவின் கைகள் இரும்புச் சிலுவையை விடவில்லை.

"ஏப்ரல்ல கதவைத் திறந்தா, பொண்ணு வெச்ச எடத்துல இல்ல. கதவுக்கிட்ட. வாய் நெறைய கோதுமை. நகம்..." அவன் நிறுத்திக்கொண்டான். "அந்தக் கோதுமைய விதைக்கவும் மனசில்ல, திங்கவும் மனசில்ல. பொட்டிக்குள்ளயே கொட்டிப் பொதைச்சாங்க. நாலு பேர் தூக்குனாங்களாம். அவ்ளோ கோதுமை போட்டும் பொட்டி ரொம்ப லேசா இருந்துச்சாம்."

"இத ஏன்டா என்கிட்ட சொல்லல? நான் அந்தப் பேர வெக்கறப்ப ஏன்டா சொல்லல?"

"குடிகாரன் பேச்சுன்னு நெனச்சேன்கா. சாமி சத்தியமா."

பிக்கப்பின் எஞ்சின் ஆறிவிட்டால் அந்தக் குளிரில் மறுபடி கிளம்பாது. அதைச் சொல்லிக்கொண்டு அவன் வண்டியை நோக்கிப் போனான். கம்பிகளை அவள் கையில் திணித்துவிட்டுப் போனான். ஓடவில்லை, ஆனால் ஓடாமல் இருப்பதற்கு அவன் பாடுபட்டது பின்னாலிருந்து தெரிந்தது.

வெளிச்சம் மண்ணின் நிறத்துக்கு வந்திருந்தது. சிலுவைகளின் நிழல்கள் நீண்டு, ஒன்றோடொன்று கலந்து, எது எதனுடையது என்று தெரியாமல் புல்லின்மேல் ஒரு பெரிய வலையாக விழுந்திருந்தன. பிக்கப் இருமியது, நின்றது, மறுபடி இருமியது. அதற்கு இடையிலிருந்த அமைதியில் வெர்லா தன் இதயத் துடிப்பைக் கேட்டாள். அதற்கு அடியில், உலர்ந்த தானியம் சரிவில் மெல்ல மெல்ல நழுவி இறங்குவதைப்போன்ற சின்னச் சத்தம் ஒன்றையும். புளித்த வாசனை கூடியது. தூரத்திலிருந்து வருவதுபோல் இல்லை. யாரோ பக்கத்தில் வாயைத் திறந்ததுபோல்.

எழுந்து கம்பிகளைப் பிடித்தாள். நேராக நின்றன.

பிறகு விழுந்தன.

ஓர் அடி பின்னால் வைத்தாள். திறந்தன. அப்படியே நின்றாள். விழுந்தன.

இன்னும் ஓர் அடி. திறந்தன. காத்திருந்தாள். விழுந்தன.

திரும்பினாள். அந்தப் பக்கமும்.

முழங்கால் உயரத்தில் குளிர். ஒரு சின்ன உடல் அளவுக்கு. அவள் கோட்டின் ஓரம் லேசாக இழுபட்டது. கீழே பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கட்டிலை நினைத்தாள். மூச்சை நினைத்தாள். குறைகிறது. தினமும் குறைகிறது.

"உனக்கு என்ன வேணும்?" என்றாள். "பேரா? உன் பேருதானே? எடுத்துக்கோ."

கம்பிகள் நடுங்கின.

"எடுத்துக்கோம்மா. நான்தான் தெரியாம வெச்சுட்டேன். உங்கிட்டயே திருப்பித் தர்றேன். ரோசினா நீதான். நீ மட்டும்தான். என் பொண்ணு முழிச்சுக்கணும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

இழுபட்ட கோட்டு ஓரம் விடுபட்டது. கம்பிகள் மெதுவாக, மிக மெதுவாகத் திறந்து நேராயின. வாசனை போய்விட்டது. வெறும் குளிர்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. பயஸ் வந்து அவளைத் தோளில் பிடித்து நடத்திக்கொண்டு போனான். போகும் வழியில், கம்பிகளை அவளிடமிருந்து வாங்கி, ஏனென்று தெரியாமல் முதல் ரோசினாவின் மேல் ஒருமுறை நடந்தான். குறுக்கே விழுந்தன. பலமாக, இழுத்ததுபோல்.

"அக்கா, இப்ப இருக்கு" என்றான். "இப்ப உள்ள இருக்கு."

வெர்லா அழுதாள். படுத்துவிட்டாள் என்று நினைத்தாள். பெயரை வாங்கிக்கொண்டு அந்தக் குழந்தை கடைசியில் தன் இடத்தில் போய்ப் படுத்துவிட்டாள் என்று.

பயஸ் வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. ஓர்லின். அவனால் பேச முடியவில்லை, சிரித்தான், அழுதான். "எழுந்துட்டா வெர்லா. எழுந்து உக்காந்துட்டா. பசிக்குதுன்னு கையக் காட்டறா. நீ வா, சீக்கிரம் வா."

அந்தச் சாலையை எப்படி ஓட்டினாள் என்பது அவளுக்கு நினைவில்லை. அறைக்குள் போனபோது நர்ஸ் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, சூப்புக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு விடாமல் குடித்துக்கொண்டிருந்தாள். அது மூன்றாவது கிண்ணம் என்றான் ஓர்லின். வெர்லா அவளை அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். சூடான உடல். இதயம் துடிக்கும் உடல். தலைமுடியில் முகம் புதைத்தாள்.

புளித்த கோதுமை.

பிள்ளை அவள் காதருகே வாயை வைத்துப் பேசினாள். வெர்லாவின் அப்பாவும் அவருடைய தலைமுறை ஆட்களும் மட்டும் பேசிய பழைய ஜெர்மன். வெர்லாவின் வீட்டில் அதை யாரும் பேசியதில்லை. அப்பா இறந்தபோது பிள்ளைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. வெர்லாவுக்கே அது காதால் மட்டும் புரியும்.

"மண்ணு இளகிடுச்சா?" என்று கேட்டாள் பிள்ளை.

காய்ச்சல் பிதற்றல் என்றான் ஓர்லின். விளக்கை அணைத்த பிறகு வெர்லா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை மல்லாந்து படுத்தாள். கால்களை நேராக நீட்டினாள். இரண்டு கைகளையும் நெஞ்சின்மேல் கட்டிக்கொண்டாள். விடியும்வரை அசையவில்லை.

அன்று காலையே வெர்லா கடப்பாரையோடு கல்லறையில் இருந்தாள். என் வீட்டு ஜன்னலிலிருந்தே அவளைப் பார்க்க முடிந்தது; கடப்பாரை விழுவது தெரிந்து, கொஞ்சம் தாமதித்துத்தான் சத்தம் வந்தது. நானும் பயஸும் போனபோது அவள் உள்ளங்கைகள் கிழிந்திருந்தன. மண்ணில் ஒரு கிண்ணம் அளவுக்குத்தான் பள்ளம் விழுந்திருந்தது. அவள் அதில் காதை வைத்துப் படுத்திருந்தாள்.

"அக்கா, எழுந்திரு. கொழந்தை அங்க உன்னத் தேடுது."

"இங்கதான்டா தேடுது. கேளு. காத வெச்சுக் கேளு."

அவளைச் சமாதானப்படுத்தத்தான் அவன் மண்டியிட்டான். காதை வைத்தான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் எடுக்காமல் வைத்திருந்தான்.

"எலிதான்கா" என்றான்.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அவன் காதில் விழுந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அன்று மாலை பனி விழ ஆரம்பித்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க வெர்லாவை மருந்து கொடுத்துத் தூங்கவைத்தார்கள். ஏப்ரலில் மண் இளகிய முதல் நாள், யாருக்கும் சொல்லாமல் நாங்கள் மூன்று பேரும் தோண்டினோம். பெட்டியின் மூடி மக்கிப்போயிருந்தது. உள்ளே விளிம்புவரை கோதுமை, வெள்ளை முளைகள் பின்னிப் பாய்போல் ஆகியிருந்தன. எலும்பு இல்லை. கோதுமையின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. இடது பக்கமாகச் சுருண்டு, முழங்கால் வயிற்றில் முட்ட ஒரு குழந்தை படுத்திருந்த பள்ளம். தாடை இருந்திருக்கக்கூடிய இடத்துக்கு அடியில் ஒரு சின்ன மூடிய கையின் பதிவு. வெர்லா அதில் கையை வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்து வைத்தாள்.

சூடாக இருந்தது.

பயஸ் பண்ணையை விற்றுவிட்டு நகரத்துக்குப் போனான். சுவரில் எலி சத்தம் கேட்டால் அந்த வீட்டைக் காலி செய்துவிடுவான் என்று சொல்கிறார்கள். ஓர்லின் மணவிலக்கு வாங்கிக்கொண்டு பிள்ளையோடு மேற்கே போய்விட்டான். அவள் ஒரு நாளும் நோயில் படுக்கவில்லை. வளர்ந்து, கல்யாணமாகி, நன்றாக இருக்கிறாள். பெண் குழந்தைகள் இரண்டு. தன் பெயரை யாருக்கும் கொடுக்கவில்லை.

குழியை மூடிய பிறகும் சத்தம் நிற்கவில்லை. வெர்லா அதற்குப் பிறகு ஊரைவிட்டு எங்கும் போனதில்லை. போன ஜனவரியில் இறந்தாள். இப்போதெல்லாம் குளிர்காலத்தில் இறப்பவர்களை நகரத்தில் குளிரறையில் வைத்திருக்கிறார்கள், அவளையும் ஏப்ரலில்தான் கொண்டுவந்தார்கள். சின்னச் சிலுவைக்குப் பக்கத்தில் இடம் கேட்டிருந்தாள். இன்னொன்றையும் என்னிடம் கேட்டிருந்தாள், அதையும் செய்தேன். இறக்குவதற்கு முன் அவள் பெட்டியின் இடது பக்கப் பலகையைக் கழற்றிவிட்டேன். அந்தப் பக்கத்து மண்ணிலிருந்துதான் சுரண்டிக்கொண்டிருந்தது.